கேளாச் செவிக்குள் ஓடிய ஆறு

செக் குடியரசின் கிழக்குப் பகுதியில் லிட்டோமிஷில் என்னும் சிறிய நகரம் இருக்கிறது. தலைநகர் பிராக்கிலிருந்து 150 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவு. மக்கள்தொகை ஏறத்தாழ 10,000. நம்முடைய வீடமைப்புப் பேட்டை ஒன்றில் வாழ்வோரின் எண்ணிக்கையே இதைவிடக் கூடுதலாக இருக்கும்.

அந்தச் சிறு நகரத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் பயணிகள் வருகிறார்கள். அங்குள்ள மேட்டின்மீது 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கோட்டை மாளிகை நிற்கிறது. 1568ஆம் ஆண்டு தொடங்கிய கட்டுமானம் 1581இல் நிறைவடைந்தது. அதன் வெளிச்சுவர்கள்தான் முதலில் கண்ணைக் கவரும். கருமையான பூச்சின்மேல் வெளிர்நிறப் பூச்சைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே கூர்மையான கருவியால் சுரண்டி, உள்ளிருக்கும் கருநிறம் தெரியும்படி சித்திரம் வரைந்திருக்கிறார்கள். அஞ்சல் உறைகளை வரிசையாக அடுக்கியதுபோன்ற சதுரங்கள் ஏறத்தாழ 8,000 இருக்கின்றன. ஒன்றிலுள்ள சித்திரம் மற்றொன்றில் இல்லை என்பார்கள். 1999ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்த மாளிகையை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது.

மாளிகையைப் பார்க்க வருவோரில் பலர் எதிரே இருக்கும் பழைய கட்டடத்துக்குள்ளும் நுழைகிறார்கள். அது பிரபுவோ இளவரசியோ வாழ்ந்த இடமன்று. மாளிகைக்குச் சொந்தமான பீர் ஆலை. அந்த ஆலையில் இருந்த வீட்டில்தான், 1824ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி, செக் இசையின் தந்தை என்று பிற்காலத்தில் போற்றப்பட்ட பெட்ரிக் ஸ்மெத்தானா பிறந்தார்.

அவருடைய வாழ்க்கையில் இரண்டு பேரிழப்புகள் உண்டு. ஒன்று, சிறுவயதிலேயே பறிபோன மொழி. மற்றொன்று, 50 வயதில் பறிபோன செவி. இவ்விரண்டையும் அவர் எப்படி எதிர்கொண்டார் என்பதுதான் இந்த வரலாறு.

ஆலைக்காரரின் மகன்

தந்தை பிரான்டிஷெக் ஸ்மெத்தானா வால்ட்ஸ்டைன் பிரபுவுக்குச் சொந்தமான அந்த ஆலையைக் குத்தகைக்கு எடுத்து நடத்திவந்தார். கைத்தொழிலில் தேர்ந்தவர், உழைப்பால் உயர்ந்தவர். முந்தைய மனைவியர் மறைந்த பிறகு பார்போரா என்பவரை மூன்றாவதாக மணந்திருந்தார். பல பெண் குழந்தைகளுக்குப் பிறகு பிறந்து, பிழைத்து வளர்ந்த முதல் ஆண் குழந்தை பெட்ரிக். மகன் பிறந்த மகிழ்ச்சியில் தந்தை பீப்பாய்களை முற்றத்துக்கு உருட்டிவரச் செய்து, வேலையாட்களுக்கெல்லாம் விருந்து வைத்தார் என்று அவ்வூரில் சொல்லப்படுகிறது.

பிரான்டிஷெக்குக்கு வயலின் என்றால் உயிர். பகலில் ஆலைக் கணக்கு, மாலையில் நண்பர்களோடு இசை என்பது அந்த வீட்டின் வழக்கம். பெட்ரிக் நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்ட கையோடு இசையையும் கற்றுக்கொண்டான். தந்தையே முதல் ஆசான். பின்னர் யான் ஹ்மெலிக் என்ற உள்ளூர் இசையாசிரியர் வயலினும் பியானோவும் சொல்லிக்கொடுத்தார்.

1830ஆம் ஆண்டு அக்டோபரில் லிட்டோமிஷிலில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் அவன் மேடையேறினான். அன்றைய ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த பிரெஞ்சு இசைநாடகம் ஒன்றின் முன்னிசையைப் பியானோவில் வாசித்தான். அப்போது அவனுக்கு வயது ஆறு. அரங்கிலிருந்த ஊரார் வியந்து கைதட்டினார்கள்.

அடுத்த ஆண்டே குடும்பம் லிட்டோமிஷிலை விட்டு நாட்டின் தெற்கிலிருந்த மற்றொரு கோட்டை நகருக்குக் குடிபெயர்ந்தது. பெட்ரிக் பிறந்த ஊரில் வாழ்ந்தது ஏழே ஆண்டுகள். ஆனால், செவி வழியே அந்த வீடு கொடுத்தது அவரைவிட்டு ஒருநாளும் அகலவில்லை.

பள்ளிக்கூடம் கொடுக்காத மொழி

அன்று செக் மக்களின் நாடு ஹாப்ஸ்பர்க் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அரசு அலுவலகம், நீதிமன்றம், உயர்பள்ளி, பெருவணிகம் ஆகிய எல்லாவற்றிலும் ஜெர்மன் மொழிக்கே முதலிடம். செக் மொழி சிற்றூர்களிலும் சமையலறைகளிலும் சந்தைகளிலும் பேசப்பட்டது. தொழிலில் முன்னேற நினைத்த செக் மக்கள் தங்கள் பிள்ளைகளை ஜெர்மன் மொழியிலேயே படிக்கவைத்தார்கள்.

பிரான்டிஷெக்கும் அப்படித்தான் செய்தார். அவருடைய பேச்சுமொழி செக். எனினும், வணிகத்துக்கும் சமூக மதிப்புக்கும் ஜெர்மன் மொழியைப் பயன்படுத்தினார். அதனால் பெட்ரிக் தன் மக்களின் மொழியைக் காதால் கேட்டான், ஓரளவு பேசினான், ஆனால் முறையாக எழுதக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஜெர்மன் ஆவணங்களில் அவன் பெயரும் ஃபிரீட்ரிக் என்றே இருந்தது.

பள்ளிப் படிப்பிலும் அவன் சிறந்து விளங்கவில்லை. ஊர் ஊராகப் பள்ளிகள் மாறின. 1839இல் பிராக்கிலுள்ள புகழ்பெற்ற உயர்பள்ளியில் சேர்ந்தான். அப்பள்ளியின் தலைமையாசிரியர் யோசெப் யுங்மன். செக் மொழிக்குப் புத்துயிர் ஊட்டப் பாடுபட்ட அறிஞர் அவர். ஐந்து தொகுதிகளில் செக்-ஜெர்மன் பேரகராதியைத் தொகுத்தவரும் அவரே. அத்தகைய மொழியறிஞரின் பள்ளியில் சேர்ந்தும் பெட்ரிக் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தவில்லை. நாட்டுப்புறத்துப் பையன் என்று சக மாணவர்கள் கேலி செய்ததால் வகுப்புக்குப் போகாமல் நகரத்தில் சுற்றினான். இசை நிகழ்ச்சிகளுக்குச் சென்றான். நண்பர்களோடு சேர்ந்து சிறு இசைக்குழு நடத்தினான்.

அந்தக் காலத்தில்தான் ஹங்கேரியப் பியானோ மேதை பிரான்ஸ் லிஸ்ட் பிராக்கில் வாசித்தார். அதைக் கேட்ட பெட்ரிக், தன் வாழ்க்கை இசைதான் என்று முடிவெடுத்துவிட்டான். மகன் பள்ளிக்கு மட்டம் போடுவது தெரிந்ததும் தந்தை அவனைப் பிராக்கிலிருந்து அழைத்துக்கொண்டார். பிறகு பில்சன் நகரில் ஆசிரியராக இருந்த உறவினர் ஒருவரின் மேற்பார்வையில் அவன் பள்ளிப் படிப்பை ஒருவழியாக முடித்தான். இசையமைப்பில் மோசார்ட்டைப் போலவும் பியானோ வாசிப்பில் லிஸ்ட்டைப் போலவும் ஆகவேண்டும் என்ற ஆசையை இளமையில் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தான். எழுதியது ஜெர்மன் மொழியில்.

பிராக்கில் போராட்டம்

1843ஆம் ஆண்டு, 19 வயதில், கையில் மிகக் குறைந்த பணத்தோடு ஸ்மெத்தானா மீண்டும் பிராக் வந்தார். தந்தையின் தொழில் நொடித்திருந்ததால் வீட்டிலிருந்து உதவி கிடைக்கவில்லை. சொந்தமாகப் பியானோ வாங்க வழியில்லை. அடுத்த ஆண்டு ஒரு பிரபுவின் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கும் வேலை கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 300 குல்டன். அதைக்கொண்டு யோசெப் புரோக்ஷ் என்ற ஆசிரியரிடம் இசை இலக்கணத்தை அடிப்படையிலிருந்து படித்தார்.

1848இல் ஐரோப்பா முழுவதும் புரட்சி அலை வீசியது. பிராக் மக்களும் பேரரசுக்கு எதிராக எழுந்தார்கள். சார்லஸ் பாலத்தின் தடுப்பரணில் நின்றவர்களில் 24 வயது ஸ்மெத்தானாவும் ஒருவர். போராளிகளுக்காக அணிநடை இசையும் விடுதலைப் பாடலும் அமைத்தார். புரட்சி அடக்கப்பட்டது. அவர் தண்டனைக்குத் தப்பினார்.

அதே ஆண்டில் அவர் தாம் போற்றிய லிஸ்ட்டுக்குத் துணிந்து ஒரு கடிதம் எழுதினார். தம்முடைய முதல் பியானோ படைப்புகளை அவருக்குக் காணிக்கையாக்கி, இசைப்பள்ளி தொடங்க 400 குல்டன் கடன் கேட்டார். லிஸ்ட் பணம் அனுப்பவில்லை. ஆனால், காணிக்கையை ஏற்றுக்கொண்டார். படைப்புகளை வெளியிடப் பதிப்பாளரையும் தேடிக்கொடுத்தார். முகம் தெரியாத இளைஞருக்கு அது பெரும் ஊக்கம். 1848 ஆகஸ்டில் 12 மாணவர்களோடு ஸ்மெத்தானாவின் இசைப்பள்ளி திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, இளமையிலிருந்தே நேசித்த கத்தெரினாவை மணந்தார்.

நான்கு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். 1854 முதல் 1856 வரையிலான இரண்டே ஆண்டுகளில் மூன்று குழந்தைகளை நோய் கொண்டுபோனது. நான்கு வயதில் இறந்த மூத்த மகள் பெட்ரிஷ்கா, தந்தையைப் போலவே இசைத்திறன் கொண்டவள். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த ஸ்மெத்தானா, பியானோ, வயலின், செல்லோ ஆகிய மூன்று கருவிகளுக்கான ஒரு படைப்பை எழுதினார். 1855 டிசம்பரில் அது அரங்கேறியபோது பாராட்டு அதிகம் கிடைக்கவில்லை. இன்று உலகெங்கும் இசைக்குழுக்கள் அதை வாசிக்கின்றன. நான்கு பிள்ளைகளில் எஞ்சியவள் ஜோஃபி ஒருத்திதான். அவள் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தந்தையின் கடைசிக் காலத்தில் அவள்தான் துணையாக நின்றாள்.

38 வயதில் மாணவர்

பிராக்கில் பிழைப்பு கடினமாக இருந்ததால் 1856 அக்டோபரில் ஸ்மெத்தானா சுவீடனின் கோத்தன்பர்க் நகருக்குச் சென்றார். அங்கே இசைப்பள்ளி நடத்தினார். பாடகர் குழுவுக்கும் தலைமையேற்றார். வருமானமும் மதிப்பும் கிடைத்தன. ஆனால், காசநோயால் வாடிய கத்தெரினாவின் உடல் அந்தக் குளிரைத் தாங்கவில்லை. 1859 ஏப்ரலில் தாயகம் திரும்பும் வழியில், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் அவர் உயிர் பிரிந்தது. அடுத்த ஆண்டு ஸ்மெத்தானா பெட்டினா என்பவரை மணந்தார்.

அந்நிய நாட்டில் வாழ்ந்தபோதுதான் தம் மொழியைப் பற்றிய எண்ணம் அவரை அரிக்கத் தொடங்கியது. இதற்கிடையே பேரரசின் பிடியும் சற்றுத் தளர்ந்தது. பிராக்கில் செக் மொழிக்கென்றே ஒரு நாடகக் கொட்டகை அமைக்க ஏற்பாடு நடந்தது. யான் ஹாராக் பிரபு, செக் மொழியில் சிறந்த இசைநாடகம் எழுதுவோருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார்.

1861இல் ஸ்மெத்தானா தாயகம் திரும்பினார். இசைநாடகம் எழுத இசையறிவு மட்டும் போதாது. மொழியின் ஓசை தெரியவேண்டும். எந்த அசை நீளும், எந்தச் சொல்லில் அழுத்தம் விழும், ஒரு குடியானவன் எப்படிச் சிரிப்பான், ஒரு தாய் எப்படிக் கோபிப்பாள் என்பதெல்லாம் காதில் இருக்கவேண்டும். அவரிடம் இருந்ததோ பிழை மலிந்த செக் மொழி.

அவர் வெட்கப்பட்டார். ஆனால், அந்த வெட்கத்தை ஒளித்துவைக்கவில்லை. 1860இல் தம் முன்னாள் மாணவர் ஒருவருக்குச் செக் மொழியில் எழுதிய கடிதத்தில், தம் எழுத்துப் பிழைகளையும் இலக்கணப் பிழைகளையும் பொறுத்தருளும்படி கேட்டுக்கொண்டார். ஆசிரியர் மாணவரிடம் மொழிப்பிழைக்காக மன்னிப்புக் கேட்பது எளிதன்று. அதன் பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. இலக்கணப் பயிற்சிகளைச் சிறுவனைப்போல் உட்கார்ந்து எழுதினார். நெடுங்காலம் ஜெர்மன் மொழியில் எழுதிவந்த நாட்குறிப்பையும் செக் மொழிக்கு மாற்றினார். அப்போது அவருக்கு வயது 40ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் தாய்மொழியைப் பேசினாலும் எழுதத் தயங்குவோர் நம் இளையரிலும் உண்டு. தவறாக எழுதிவிடுவோமோ என்ற அச்சமே அவர்களைத் தடுக்கிறது. ஸ்மெத்தானா தவறாகவே எழுதித் தொடங்கினார். எழுத எழுதத்தான் மொழி வசப்பட்டது.

1866 ஜனவரியில் அவருடைய முதல் இசைநாடகம் மேடையேறியது. ஹாராக் பிரபுவின் பரிசும் அதற்கே கிடைத்தது. அதே ஆண்டு மே 30ஆம் தேதி, ‘விலைபேசப்பட்ட மணமகள்’ என்ற இரண்டாவது இசைநாடகம் அரங்கேறியது. சிற்றூரில் வாழும் இளம் காதலர்களையும் கல்யாணத் தரகரையும் வைத்துப் பின்னப்பட்ட நகைச்சுவைக் கதை அது. அன்று போர் மூளும் அச்சத்தால் மக்கள் அதிகம் வரவில்லை. ஸ்மெத்தானா மனம் தளராமல் நான்கு ஆண்டுகள் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1870இல் இறுதி வடிவம் மேடையேறியபோது பெருவெற்றி பெற்றது. செக் மொழியைப் பிழையின்றி எழுதத் திணறிய அதே மனிதரின் கையிலிருந்துதான் செக் மக்கள் தங்களுடையது என்று கொண்டாடும் இசைநாடகம் பிறந்தது.

சொந்த மண்ணில் பழிச்சொல்

1866 செப்டம்பரில் ஸ்மெத்தானா அந்த நாடகக் கொட்டகையின் தலைமை இசை நடத்துநரானார். அவருடைய இசைக்குழுவில் வயோலா வாசித்த இளைஞர்களில் ஒருவர் அந்தோனின் துவோர்ஷாக். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் அவர்.

பதவி வந்ததும் பகையும் வந்தது. 1868 மே 16ஆம் தேதி, செக் மக்கள் தங்கள் சொந்தப் பணத்தில் எழுப்பவிருந்த தேசிய நாடக அரங்குக்கு அடிக்கல் நாட்டினார்கள். அன்று மாலை ஸ்மெத்தானாவின் ‘தலிபோர்’ அரங்கேறியது. அந்த இசையில் ஜெர்மன் வாடை வீசுகிறது என்று சிலர் குறைகூறினார்கள். தம் மக்களின் மொழியை 40 வயதில் அரும்பாடுபட்டுக் கற்றவரைப் பார்த்து, அவர் போதிய அளவு செக் இல்லை என்றார்கள். 1872இல் கொட்டகையின் சந்தாதாரர்கள் 86 பேர் கையெழுத்திட்டு, அவரைப் பதவியிலிருந்து நீக்கக் கோரினார்கள். இசைக் கலைஞர்கள் பலர் அவர் பக்கம் நின்றதால் பதவி தப்பியது. ஆனால், அந்தப் போராட்டம் அவர் உடல்நலத்தைத் தின்றது.

1874 அக்டோபர்

1874ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொண்டையில் புண் வந்தது, உடலில் தடிப்பு தோன்றியது, காது அடைத்துக்கொண்டது. யாரும் வாசிக்காத ஓசைகள் காதுக்குள் கேட்கத் தொடங்கின. இசைக்குழுவின் முன் நின்றபோது எந்தக் கருவி எந்தச் சுரத்தை வாசிக்கிறது என்று பிரித்தறிய இயலவில்லை. கொட்டகைக்கு எழுதித் தெரிவித்துவிட்டுப் பணியிலிருந்து விலகினார். முதலில் ஒரு காது போனது. அக்டோபர் 20ஆம் தேதியோடு மற்றொன்றும் போனது. 50 வயதில் அவர் முற்றிலும் செவிடரானார்.

மருத்துவர்கள் அவரை ஓசை புகாத அறையில் இருக்கச் சொன்னார்கள். பழைய மாணவர்களும் நண்பர்களும் திரட்டிக்கொடுத்த பணத்தில் மறு ஆண்டு வெளிநாட்டு மருத்துவர்களிடமும் சென்றுவந்தார். பயனில்லை.

ஓர் ஓவியரின் கண் போனதற்கு ஒப்பான நிலை அது. அந்த ஆண்டின் கடைசி வாரங்களில் ஸ்மெத்தானா செய்த வேலைதான் அவர் பெயரை நிலைநிறுத்தியது. நவம்பர் 18ஆம் தேதி, பிராக்கின் பழங்கோட்டைக் குன்றாகிய விஷெஹ்ராட்டைப் பற்றிய இசைச்சித்திரத்தை எழுதி முடித்தார். இரண்டு நாள் கழித்து அடுத்த படைப்பைத் தொடங்கினார். டிசம்பர் 8ஆம் தேதி அதுவும் முடிந்தது. 19 நாள்களில் பிறந்த அந்தப் படைப்பின் பெயர் ‘வல்தாவா’. செக் நாட்டின் நீண்ட ஆற்றின் பெயர் அது.

காது கேட்காத ஒருவர் எப்படி இசையமைக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பழக்கமான பாடலை வாய் திறக்காமல் மனத்துக்குள் பாடிப் பாருங்கள். காதில் ஓசை விழாவிட்டாலும் பாடல் ஓடும். தேர்ந்த இசைக்கலைஞருக்கு இந்த உட்செவி மிகக் கூர்மையானது. ஒவ்வொரு கருவியின் குரலும், இரண்டு கருவிகள் சேர்ந்தால் பிறக்கும் நிறமும் அவருக்கு மனப்பாடம். லிட்டோமிஷில் வீட்டில் நான்கு வயதில் தொடங்கிய பயிற்சியும், கொட்டகையில் எட்டு ஆண்டுகள் இசைக்குழுவை நடத்திய அனுபவமும் ஸ்மெத்தானாவுக்குள் சேமிப்பாக இருந்தன. நோயால் அந்தச் சேமிப்பைத் தொட முடியவில்லை.

‘வல்தாவா’ ஏறத்தாழ 12 நிமிடம் நீளும். தொடக்கத்தில் இரண்டு புல்லாங்குழல்கள் சலசலக்கும். அது மலையில் ஊறும் முதல் ஊற்று. பிறகு கிளாரினெட்டுகள் சேரும். அது இரண்டாவது ஊற்று. இரண்டும் கலந்து ஆறாகும்போது வயலின்கள் அந்தப் புகழ்பெற்ற மெட்டை எடுக்கும். ஆறு ஒரு காட்டைக் கடக்கும்போது வேட்டைக் கொம்புகள் ஒலிக்கும். கரையோரச் சிற்றூரில் கல்யாண நடனம் கேட்கும். நிலவொளியில் நீர்த்தேவதைகள் ஆடுவார்கள். பாறைகளுக்கிடையே நீர் சீறிப் பாயும். கடைசியில் பிராக்கை அடைந்து, விஷெஹ்ராட் குன்றை வணங்கி, தொலைவில் மறையும். 1875 ஏப்ரல் 4ஆம் தேதி அது முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அதன் ஒரு சுரத்தைக்கூட ஸ்மெத்தானா தம் காதால் கேட்டதில்லை.

காட்டு வீடு

நாடக நிறுவனம் தருவதாகச் சொன்ன ஓய்வூதியம் ஒழுங்காக வரவில்லை. பிராக்கில் வாழ வசதியின்றி 1876இல் யாப்கெனிட்சே என்ற சிற்றூருக்குக் குடும்பத்தோடு சென்றார். மகள் ஜோஃபி அங்கே வாழ்ந்துவந்தாள். அவள் கணவர் வனத்துறை அதிகாரி. காட்டை ஒட்டிய அந்த வீட்டில் ஸ்மெத்தானாவுக்கு ஓர் அறை கிடைத்தது.

அங்கே அவர் தம் வாழ்க்கையையே நான்கு பகுதிகளாக, நான்கு தந்திக் கருவிகளுக்கான இசையாக எழுதினார். இறுதிப் பகுதியில் மகிழ்ச்சியான நடனம் திடீரென்று நிற்கும். வயலின் ஒன்று உச்சத்தில் ஒரே சுரத்தை நீண்ட நேரம் பிடித்துநிற்கும். செவி போகும் முன் அவர் காதுக்குள் ஓயாமல் ஒலித்த ஓசை அது. தம் துன்பத்தை அவர் மறைக்கவும் இல்லை, பெரிதுபடுத்தவும் இல்லை. இசையில் அதற்கு உரிய இடத்தில் வைத்தார்.

1880இல் ஒருமுறை அவர் லிட்டோமிஷிலுக்குச் சென்றார். தாம் பிறந்த ஆலை வீட்டில் அவர் பெயரில் நினைவுப் பலகையை ஊரார் திறந்துவைத்தார்கள். ஆறு வயதில் அந்த ஊரின் கைதட்டலைக் கேட்டவர், 56 வயதில் அதைக் கண்ணால் மட்டும் பார்த்தார்.

1881 ஜூனில் பிராக்கின் தேசிய நாடக அரங்கு ஸ்மெத்தானாவின் ‘லிபுஷே’ இசைநாடகத்துடன் திறக்கப்பட்டது. இரண்டே மாதங்களில், ஆகஸ்ட் 12ஆம் தேதி, தீ அந்தக் கட்டடத்தைப் பாழாக்கியது. மக்கள் மீண்டும் பணம் திரட்டினார்கள். செவி கேளாத ஸ்மெத்தானாவும் பீசெக் நகரில் நடந்த நிதித் திரட்டு நிகழ்ச்சியில் பியானோ வாசித்தார். 1883 நவம்பர் 18ஆம் தேதி அரங்கு மீண்டும் திறந்தபோதும் ஒலித்தது ‘லிபுஷே’தான்.

விஷெஹ்ராட்டும் வல்தாவாவும் ஆறு இசைச்சித்திரங்கள் கொண்ட ஒரு தொகுப்பின் முதல் இரு பகுதிகள் ஆயின. அத்தொகுப்பின் பெயர் ‘என் தாயகம்’. 1882 நவம்பர் 5ஆம் தேதி ஆறும் ஒருசேர முதன்முறையாக வாசிக்கப்பட்டன. ஒரு காலத்தில் அவரைக் குறைகூறிய நகரம் அன்று அவரைக் கொண்டாடியது.

முடிவும் தொடர்ச்சியும்

இறுதி நாள்கள் துயரமானவை. நோய் மூளையைத் தாக்கியது. நினைவு தடுமாறியது, சொற்கள் மறந்தன. 1884 மார்ச்சில் நாடு அவருடைய 60ஆம் பிறந்தநாளைக் கொண்டாடியது. அவரால் அதில் கலந்துகொள்ள முடியவில்லை. ஏப்ரலில் குடும்பத்தார் வேறு வழியின்றி அவரைப் பிராக்கிலுள்ள மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். மே 12ஆம் தேதி அங்கேயே உயிர் பிரிந்தது. அவர் இசையில் பாடிய விஷெஹ்ராட் குன்றிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அன்று மாலை தேசிய அரங்கில் கறுப்புத் துணி போர்த்திய மேடையில் ‘விலைபேசப்பட்ட மணமகள்’ நடந்தது.

இன்று ஆண்டுதோறும் அவர் மறைந்த மே 12ஆம் தேதி, பிராக்கின் புகழ்பெற்ற வசந்தகால இசைவிழா ‘என் தாயகம்’ ஒலிக்கத் தொடங்குகிறது. லிட்டோமிஷிலிலும் 1949 முதல் அவர் பெயரில் விழா நடக்கிறது. 8,000 சித்திரங்கள் கொண்ட அந்தக் கோட்டை மாளிகையின் முற்றத்தில் இசைக்கலைஞர்கள் அமர்கிறார்கள். சில அடி தூரத்தில் ஆலைக்காரரின் வீடு நிற்கிறது.

ஸ்மெத்தானாவின் வாழ்க்கையில் நல்லது எதுவும் நேரத்தோடு வரவில்லை. மொழி 40 வயதில் வந்தது. முதல் இசைநாடகமும் அப்போதுதான் வந்தது. உலகம் அறிந்த மெட்டு, காது போன பிறகு வந்தது. ஒவ்வொரு முறையும், இனி எதற்கு என்று சொல்லி அவர் நிறுத்தியிருக்கலாம். யாரும் குறைகூறியிருக்கமாட்டார்கள். அவர் நிறுத்தவில்லை.

மாணவர்களே, இந்த வாரம் 12 நிமிடம் ஒதுக்கி ‘வல்தாவா’வைக் கேட்டுப்பாருங்கள். முதலில் வரும் இரண்டு புல்லாங்குழல்களைக் கவனியுங்கள். அந்த ஊற்று எங்கிருந்து கிளம்பியது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.